ஐந்தாம் வளைவில் இரண்டாம் கியர்

அந்தச் சனிக்கிழமை பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பஸ் டிப்போவில் முப்பத்தாறு வருஷம் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். அவருடைய மூத்த மகள், மலைமேல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நடு மகன், பட்டறைக்குச் சொந்தக்காரனான மெக்கானிக். கடைசி மகன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வீட்டில் எல்லோருக்கும் சின்னவன். சின்னவனின் மனைவி, அந்த வீட்டின் இளைய மருமகள். மெக்கானிக்கின் மனைவி தையல் கடையைத் திறக்கப் போயிருந்தாள்; நடந்தது அத்தனையும் அவளுக்குத் தெரியும் என்றாலும் இருந்தவர் கணக்கில் அவள் வரமாட்டாள். எதிர்ப் பட்டறைக்காரர் பன்னிரண்டு மணிக்கு வந்து கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போனார். அதை இருந்தது என்று சொல்வதற்கில்லை. இவர்களைத் தவிர வேறு யாராவது நானும் அங்கேதான் நின்றேன் என்று சொன்னால், அது சும்மா அளப்பது.

விஷயம் அந்த மூத்தவளின், அதாவது அக்காவின், காரைப் பற்றியது. பன்னிரண்டு வயசான பெட்ரோல் கார். ஒரு மாதத்துக்கு முன்னால் அக்காவுக்கு வார்டு பொறுப்பு கொடுத்திருந்தார்கள். பொறுப்பில் இருப்பவர் இரண்டு மணிக்கு முன்பே போய், காலை ஷிப்டு நர்ஸிடமிருந்து ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் கட்டில் கட்டிலாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் வராமல் அந்த நர்ஸ் வீட்டுக்குப் போக முடியாது. அந்த மாதத்தில் அக்கா மூன்று முறை தாமதமாகப் போனாள். மூன்று முறையும் காரணம் ஒன்றுதான். மலைச்சாலையில் ஏழு வளைவுகள். நாலு வரை கார் நன்றாகவே ஏறும். ஐந்தாம் வளைவு செங்குத்து. உச்சி வெயிலில், லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து அந்த இடத்துக்கு வரும்போது காருக்கு மூச்சு முட்டிவிடும். முதல் கியருக்கு இறக்கி, நத்தை மாதிரி ஏற வேண்டியிருக்கும். பின்னால் வருகிறவர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டார்கள்.

மெக்கானிக் பார்க்காததில்லை. பிளக் மாற்றினான், பெட்ரோல் பம்பை மாற்றினான், கிளச்சைக் கழற்றிப் பார்த்து மறுபடி மாட்டினான். காலை வேளையில் அவன் ஓட்டிப் பார்த்தால் கார் குதிரை மாதிரி போகும். அக்கா மத்தியானம் ஓட்டினால் மறுபடி அதே கதை. வியாழக்கிழமை அவள் வேலை முடிந்து வரும் வழியில் பட்டறை முன்னால் காரை நிறுத்தினாள். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீயும் கூட வா. அஞ்சாம் வளைவுல ரெண்டாவது கியர்லயே ஏறணும். ஏறலைன்னா திங்கக்கிழமை வண்டி எதிர்ப் பட்டறைக்குப் போகுது. கோபம் எல்லாம் இல்லடா தம்பி. எனக்காக அங்க ஒருத்தி பைய மாட்டிக்கிட்டு நிக்கிறா."

அவ்வளவுதான். கண்ணாடி ஏறிவிட்டது.

அந்தச் சொல் அவனுக்கு எப்படிப் பட்டிருக்கும் என்பது அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். பட்டறை திறந்து இருபத்தாறு வருஷம். அன்றிலிருந்து அந்த வீட்டு வண்டி ஒன்றின் ஆணியை வெளி ஆள் கை தொட்டதில்லை. பெரியவரின் சைக்கிள் பஞ்சர்கூட அங்கேதான் ஒட்டப்பட்டது. தெருவுக்கு அந்தப் பக்கம் எதிர்ப் பட்டறை. கண்ணாடிக் கதவு, உள்ளே கம்ப்யூட்டர், வாசலில் ரப்பர் விரிப்பு. கூடப் பிறந்தவளின் கார் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதைக் கடைவீதி முழுக்கப் பார்க்கும். பார்த்தவர்கள் எதுவும் கேட்கமாட்டார்கள். அதுதான் இன்னும் மோசம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டறையைச் சாத்திவிட்டு அவன் அக்காவோடு மலை ஏறினான். ஐந்தாம் வளைவில் கார் திணறியதும் ஓரமாக நிறுத்தச் சொல்லி, பானட்டைத் தூக்கி, காற்றுப் பெட்டியின் வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோனான். அடுப்பு வாயில் கை வைத்ததுபோல் இருந்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது. காற்றுப் பெட்டியிலிருந்து முன்பக்கம் ஹெட்லைட் வரை நீண்டு, வெளிக்காற்றை இழுத்து வரவேண்டிய பிளாஸ்டிக் குழாய் வேரோடு முறிந்து போயிருந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் கொதிக்கும் காற்றைத்தான் என்ஜின் இத்தனை நாளும் குடித்துக்கொண்டிருந்தது. சூடான காற்று நீர்த்துப்போன காற்று. அதைக் குடித்து எந்த என்ஜினும் ஏறாது.

இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை: இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் கார் முன்பக்கம் இடித்தபோது பம்பரை நிமிர்த்தி மாட்டியவன் அவன்தான். குழாய் முறிந்ததை அன்று அவன் பார்க்கவில்லை; அக்கா உச்சி வெயிலில் மலை ஏறத் தொடங்கிய பிறகுதான் அது தெரிந்தது. அக்காவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை சாயந்திரம் காரோடு வீட்டுக்கு வந்ததும் அதை முதலில் அப்பாவிடம் சொன்னான். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஞாயிறு மத்தியானத்துக்கு இன்னும் நாற்பத்திரண்டு மணி நேரம் இருக்கிறது என்றார். அந்த வீட்டில் ஆறுதல் என்றால் அதுதான்.

அந்தக் குழாயைச் செய்வதைக் கம்பெனி நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. உதிரிபாகக் கடைகள் எல்லாம் கையை விரித்தன. சரி, நாமே செய்வோம் என்று மெக்கானிக் சனிக்கிழமை ஏழு மணிக்குப் பட்டறையைத் திறந்தான்.

அவன் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: அவன் அவசரப்பட்டால்தான் மெதுவாக இருப்பான். முதலில் பழைய குழாயின் மிச்சத்தையும் காற்றுப் பெட்டியையும் காற்று சென்சார் உட்கார்ந்திருந்த கூட்டையும் கழற்றி, உள் விட்டத்தை மூன்று தடவை அளந்தான். அந்த சென்சார் தன்னைக் கடந்து எவ்வளவு காற்று போகிறது என்று என்ஜினுக்குச் சொல்லும். அதற்குத் தக்கபடிதான் என்ஜின் பெட்ரோல் விடும். கூட்டின் வாய் ஒரு நூல் பெரிதானாலும் சொல்லும் கணக்கு பொய்யாகிவிடும். ஆகவே அதே உள் விட்டத்தில் அலுமினியக் குழாய் தேடி எடுத்தான். இரண்டு துண்டாக அறுத்தான். விளிம்பை அரத்தால் தேய்த்து, எமரித்தாளால் இழைத்து, பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலை உள்ளே விட்டுத் தடவினான். எங்கேயும் பிசிறு தட்டக்கூடாது. நீளத் துண்டை ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் பொந்து வரை கொண்டுபோய், அதன் நுனியில் கூம்பு ஃபில்டரை மாட்டினான். மழைத்தண்ணீர் எட்டாத உயரம். நல்ல வெளிக்காற்று வரும் இடம். என்ஜின் சூடு ஃபில்டரைத் தொடாமல் இருக்கத் தகரத்தை மடித்து நடுவில் ஒரு சுவர் வைத்தான். பிறகு, பாதை திரும்பும் இடத்தில், முழங்கை மாதிரி வளைந்த ஒரு ரப்பர் எல்போ. எல்போவுக்கு அந்தப் பக்கம் குட்டைத் துண்டு, அதில் சென்சார். அங்கிருந்து என்ஜின்.

ஒன்பது மணிக்குப் பெரியவர் நாற்காலியோடு வந்துவிட்டார். மத்தியான ஷிப்டோடு இரவு ஷிப்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் இறங்கி நேராக வந்த அக்கா வாசலில் நின்று பார்த்தாள்; அன்று அவளுக்கு லீவு. சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்து சின்னவனும் வந்தான். அவனை அழைத்துப்போக ஸ்கூட்டரில் வந்த இளையவள், ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்றாள்.

பதினொன்றரை மணிக்கு எல்லாம் முடிந்து கார் நின்ற கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும். வளையாமல் நெளியாமல், கிளிப்புகள் எல்லாம் ஒரே பக்கம் தலை காட்ட, கம்பெனியிலிருந்து வந்ததுபோல் இருந்தது. சாவியைத் திருகினான். என்ஜின் பிடித்தது. பிடித்ததும் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஓட முடியாமல் ஓடுகிறவன் மூச்சு வாங்குவது மாதிரி. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

தெருமுனை வரை ஓட்டிப் போனான். கார் வெட்டி வெட்டி இழுத்தது. திரும்பி வந்து, ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்தினான். என்ஜின் அந்த நொடியே அணைந்தது. அப்படியானால் எங்கேயும் ஓட்டை இல்லை. காற்று திருட்டுத்தனமாக வேறு எங்கிருந்தும் வரவில்லை. சென்சாரைக் கழற்றித் துடைத்தான். மாற்றி வேறொன்றைப் போட்டுப் பார்த்தான். ஏறியது, இறங்கியது. பன்னிரண்டு மணிக்கு எதிர்ப் பட்டறைக்காரர் தெருவைத் தாண்டி வந்தார். நல்ல மனுஷர்தான், குற்றம் சொல்வதற்கில்லை. கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, வேண்டாம், நாளைக்குப் பேசுவோம் என்றான். அந்த நாளைக்கு என்ற சொல்லில் அக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள். அவர் கால் மணி நேரம் நின்று வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தில் அந்த வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூத்தவன், தம்பி மனைவியோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. பிடிக்காமல் அல்ல. யாரும் சட்டம் போட்டதும் இல்லை. மரியாதை என்று தொடங்கியது, கூச்சமாக மாறி, பிறகு வழக்கமாகவே நின்றுவிட்டது. இளையவள் அந்த வீட்டுக்கு வந்து பதினொரு வருஷம். ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் மெக்கானிக் சின்னவனிடம் கேட்பான். அவள் பக்கத்திலேயே நின்றாலும் அப்படித்தான். அவளும் மாமாகிட்ட சொல்லுங்க என்று கணவனிடம் சொல்வாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒரு குறை சொன்னதில்லை. சொல்ல வழியும் இல்லை.

அவள் வேலை காற்றை அளப்பது. பெரிய கட்டடங்களில் ஏசி குழாய்கள் போட்டு முடித்த பிறகு, ஒவ்வொரு அறையின் கூரையிலும் காற்று வரும் துவாரத்தில் கூடாரம் மாதிரி ஒரு கருவியைப் பொருத்தி, எந்த அறைக்கு எவ்வளவு காற்று வருகிறது என்று அளந்து, கூடக் குறைவைச் சரிசெய்வாள். கல்யாணமான புதிதில் பெரியவர், அளந்த காத்தை எந்தப் பையில போட்டுக் குடுப்பீங்க என்று கேட்டதில் வீடே சிரித்தது. அவளும்தான் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த வேலையைப் பற்றி அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை.

எதிர்ப் பட்டறைக்காரர் போனதும் அவள் ஹெல்மெட்டை ஸ்கூட்டர்மேல் வைத்துவிட்டு, சின்னவன் பக்கத்தில் வந்தாள். எல்போவுக்கும் சென்சாருக்கும் நடுவில் எவ்வளவு நீளம் என்று மாமாவிடம் கேட்கச் சொன்னாள். சின்னவன் கேட்டான். நாலு விரல் என்று மெக்கானிக் தம்பியிடம் சொன்னான். பழைய குழாயில் எவ்வளவு இருந்தது என்று அவள் கேட்டாள். சின்னவன் அதையும் கேட்டான். அதில் வளைவே இல்லை, நேராக வந்தது என்றான் மெக்கானிக். அதைச் சின்னவன் தன் மனைவி பக்கம் திரும்பிச் சொல்லத் தொடங்கினான். அவள் ஏற்கெனவே தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

சின்னவன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? நடுவுல நான் எதுக்கு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரி? எனக்குப் பசிக்குது. நான் வர்றதுக்குள்ள நீங்களே பேசி முடிச்சிடுங்க."

சொன்னவன் நிஜமாகவே தெருவில் இறங்கி நடந்துவிட்டான். பெரியவர் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கத் தொடங்கினார். அது பேட்டரிக் கடிகாரம். அக்கா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, இவன் என்ன செய்யப்போகிறான் என்று பார்த்தாள். மெக்கானிக் ஸ்பேனரைப் பெட்டியில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். திங்கட்கிழமை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிற்கப்போகும் காரை ஒரு தடவை பார்த்தான். பிறகு நிமிர்ந்து, பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"சொல்லும்மா. என்கிட்டயே சொல்லு."

"குழாய்ல ஒரு தப்பும் இல்ல மாமா. அவ்வளவு நல்லாப் பண்ணியிருக்கீங்க. அளக்கிற இடம்தான் தப்பு. வளைவு தாண்டின உடனே காத்து சுத்தும். எங்க வேலையில அங்க கருவியை வைக்கவே மாட்டோம்."

அவள் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை எடுத்து வந்தாள். அதன் நுனியில் விரல் நீளத்துக்குக் கம்பளி நூல். எல்போவைக் கழற்றித் தரச் சொல்லி, ஒரு வாயில் தூசி ஊதும் ப்ளோயரை வைத்து, மறு வாயில் நூலைப் பிடித்தாள். நூல் பேய் பிடித்ததுபோல் சுழன்றது. ஓரத்தில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி. பிறகு எல்போவோடு ஒரு முழ நீளத்துக்கு நேர்க்குழாயைச் சேர்த்து, அதன் முடிவில் பிடித்தாள். நூல் தண்ணீரில் கிடக்கும் இழைபோல் அமைதியாக நீண்டு நின்றது.

மெக்கானிக் கம்பியைக் கையில் வாங்கி, அவனே மறுபடி செய்து பார்த்தான். சுழன்றது. நின்றது. இருபத்தாறு வருஷம் காற்றோடு வேலை செய்தவன் காற்றைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அதைச் சொல்ல அவனுக்கு வெட்கம் இல்லை. பின்னாளில் அவனே பலரிடம் சொன்னான்.

ஆனால் பானட்டுக்குள் ஒரு முழ நீளம் நேர்க்குழாய்க்கு இடம் கிடையாது. பேட்டரி ஒரு பக்கம், என்ஜின் ஒரு பக்கம். அதை அவன் சொன்னபோது அவள், இடம் இல்லாத கட்டடத்தில் அவர்கள் என்ன செய்வார்கள் என்று சொன்னாள்: வளைவுக்கும் கருவிக்கும் நடுவில் கட்டம் கட்டமாக ஒரு சட்டத்தை வைப்பார்கள். அந்தச் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் காற்று சுழலை மறந்து நேராகிவிடும்.

இங்கேதான் மெக்கானிக் பின்வாங்கினான். கட்டடத்தில் சட்டம் கழன்றால் கூரையிலிருந்து சத்தம் வரும், அவ்வளவுதான். இங்கே அது ஃபில்டரைத் தாண்டிய இடம். ஒரு கட்டம் கழன்றாலும் நேராக என்ஜினுக்குள் போகும்.

"கழண்டா என்ஜின் போச்சும்மா."

"கழலாம பண்ண உங்களால முடியுமா, முடியாதா?"

வாசற்படியிலிருந்து அக்கா சிரித்த சத்தம் கேட்டது. மெக்கானிக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது, உண்மை. பிறகு அவன் முடியும் என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்கப் பெரியவர் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். இளையவள் மெல்லிய பித்தளைத் தகட்டில் கோடு கிழித்துப் பட்டைகளாக வெட்டினாள். ஒவ்வொரு பட்டையிலும் பாதி ஆழத்துக்குச் சம தூரத்தில் வெட்டு. அளவுகோலை ஒரு தடவை வைத்தாள் என்றால் மறுபடி வைக்கமாட்டாள். கத்தரி அவள் கையில் துணியில் போவதுபோல் போனது. வெட்டிய பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகியதும், முட்டை அடுக்கும் அட்டைபோல், உள்ளங்கை அளவில் நுணுக்கமான கட்டங்கள் எழுந்து நின்றன. ஒரு கட்டம்கூடக் கோணவில்லை. பழுதான இயந்திரங்களில் ஆயுள் போனவன் என்றாலும், கை வேலை தெரிந்தவனுக்கு இன்னொரு கை வேலையைப் பார்த்தால் தெரியாமல் போகாது. மெக்கானிக் அதைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். இந்த வீட்டில் இப்படி ஒரு கை இருப்பது தெரியாமல் பதினொரு வருஷம் போய்விட்டதே என்று நினைத்தான். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மேஜையைத் துடைத்து, அவளுக்கு வெளிச்சம் படும்படி விளக்கை நகர்த்தி வைத்தான்.

அவன் பங்கு அடுத்தது. கனமான பித்தளையில் ஒரு வளையம் கடைந்தான். அதன் வெளி விட்டம் அலுமினியக் குழாயின் வெளி விட்டத்துக்குச் சமம். ஆகவே அது குழாயின் வாயில் முட்டி நிற்குமே தவிர, எந்தக் காலத்திலும் உள்ளே நுழைய முடியாது. அந்த வளையத்துக்குள் கட்டச் சட்டத்தை உட்காரவைத்து, பட்டைகளின் ஒவ்வொரு நுனியையும் வளையத்தோடு பற்றவைத்தான். முப்பத்திரண்டு நுனி. முப்பத்திரண்டுக்கும் தனித்தனியாக நெருப்புக் காட்டினான். ஆறியதும் குறட்டால் ஒவ்வொரு பட்டையையும் பிடித்து இழுத்தான். சிமெண்டுத் தரையில் மூன்று தடவை போட்டு அடித்தான். பிறகு இளையவளிடம் கொடுத்து, நீயும் அடி என்றான். அவள் அடித்தாள். அசையவில்லை.

சின்னவன் கையில் பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது இரண்டு பேரும் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, எந்தக் கிளிப்பை முதலில் முடுக்குவது என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். அவன் அப்பாவைப் பார்த்தான். பெரியவர் உதட்டில் விரலை வைத்தார்.

வளையம் ரப்பர் எல்போவுக்குள், குட்டைக் குழாயின் வாயில், கச்சிதமாக உட்கார்ந்தது. மாலை நாலரை மணிக்கு மெக்கானிக் சாவியைத் திருகினான். என்ஜின் பிடித்தது. ஒரு தடவை ஏறி, இறங்கி, பிறகு நிதானத்துக்கு வந்தது; ஒரே சீரான உறுமல். பேட்டரி மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தான். மேற்பரப்பில் மெல்லிய நடுக்கம் மட்டும். மஞ்சள் விளக்கை அழித்துவிட்டு மூன்று தடவை என்ஜினை அணைத்துப் போட்டான். திரும்ப எரியவில்லை. யாரும் கை தட்டவில்லை. அந்த வீட்டில் அதெல்லாம் வழக்கமில்லை. பெரியவர் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றேகால் மணிக்குக் கிளம்பினார்கள். அக்கா ஓட்டினாள். முன்னால் பெரியவர். பின்னால் மெக்கானிக், சின்னவன், இளையவள். உள்ளே ஐந்து பேர் பாரம், வெளியே தீயாகக் காயும் வெயில். ஏசி போடலாமா என்று அக்கா கேட்டாள். சோதனை என்றால் முழுசாக இருக்கட்டும், போடு என்றார் பெரியவர். மெக்கானிக் முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டதைச் சின்னவன் பார்த்தான், ஆனால் கிண்டல் செய்யவில்லை.

மூன்றாம் வளைவிலேயே ஒரு தண்ணீர் லாரி முன்னால் மாட்டிக்கொண்டது. தாண்ட வழியில்லை. அதன் பின்னால் ஊர்ந்தார்கள். ஊரும்போதுதான் பானட்டுக்குள் சூடு ஏறும். மெக்கானிக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். நாலாம் வளைவு. லாரி இன்னும் மெதுவானது. ஐந்தாம் வளைவின் அடியில் அக்கா இரண்டாவது கியரைப் போட்டாள். மெக்கானிக் அவள் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கை இன்னும் ஒரு முறை கியர்க் கம்பியைத் தொட்டு முதலாவதுக்குத் தள்ளினால், இருபத்தாறு வருஷம் முடிந்தது.

சாலை செங்குத்தாக எழுந்தது. கார் ஒரு கணம் கனத்தது. அக்காவின் கை கம்பி மேல் போய் உட்கார்ந்தது. இளையவள் தாழ்ந்த குரலில், "மிதிங்கக்கா, வாங்கிக்கும்" என்றாள். அக்கா மிதித்தாள். என்ஜினின் குரல் மாறியது. அடித்தொண்டையிலிருந்து ஒரு முழுச் சத்தம். முன்பக்கத்தில் ஃபில்டர் காற்றை இழுப்பது உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் காதுக்கே கேட்டது. கார் வளைவைக் கவ்விப் பிடித்து ஏறியது. லாரிக்காரர் அகலமான இடத்தில் ஒதுங்கி வழி விட்டார். அக்கா அதே கியரில் அவரைத் தாண்டி, ஆறாம் வளைவுக்கு முன்பே மூன்றாவதுக்கு மாற்றினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது பெரியவர், இருபத்திரண்டு நிமிஷம் என்றார். அக்கா என்ஜினை அணைத்தாள். பிறகு சாவியை உருவி, பின்பக்கம் திரும்பாமல் தோளுக்கு மேலே நீட்டினாள்.

"இறங்குறப்ப நீ ஓட்டுடா. அடுத்த மாசம் ஆயில் மாத்தணும், மறந்துடாத."

மெக்கானிக் சாவியை வாங்கிக்கொண்டான். ஆயில் மாற்றுவது அவன் வேலை என்றால், கார் எங்கே போகும் என்பதைப் பற்றி இனிமேல் பேச்சில்லை. அவன் இளையவள் பக்கம் திரும்பி, மழைக்காலம் வருவதற்குள் அந்தத் தகரச் சுவரை இன்னும் கொஞ்சம் உயர்த்தலாமா என்று கேட்டான். அவள், அளந்து பார்த்துச் சொல்கிறேன் மாமா என்றாள். நடுவில் உட்கார்ந்திருந்த சின்னவன் இரண்டு பேருக்கும் இடைஞ்சல் இல்லாமல் முதுகைச் சாய்த்துக்கொண்டான்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. ஐந்தாம் வளைவில் அந்தக் கார் நின்றுபோய்விட்டது, குடும்பமே இறங்கிப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்று தண்ணீர் லாரிக்காரர் கடைவீதியில் சொல்லிவருகிறார். கார் நின்றதை அவர் பார்த்தது உண்மை. ஆனால் அது இவர்கள் மலை இறங்கித் திரும்பும்போது. எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்று குழாயைத் தொட்டுப் பார்க்க மெக்கானிக் அங்கே நிறுத்தச் சொன்னான். காலை நீட்டிக்கொள்ள மற்றவர்களும் இறங்கினார்கள். காரின் மூக்கு இறக்கத்தைப் பார்த்து இருந்தது. யாரும் தள்ளவில்லை.